பாக்டீரியாவுக்கு வாங்கிய வெல்லம்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பது. வானம் முழுக்க மூடிக் கிடந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. முந்தின நாள் மாலை போட்ட தூறல் மண்ணின் மேல்தோலை நனைத்ததோடு சரி. மோட்டார் கொட்டகைத் தூணில் நான் மாட்டியிருந்த வெப்பமானி இருபத்தாறு டிகிரி காட்டியது.

இறால் குளத்தின் கரையில் ஏறப்போன என்னைக் காவலுக்கு இருந்த பெண் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அங்கியே நில்லு நைனா. மெறிச்சிடப் போற. எறா எல்லாம் கரைக்கு வந்துக்கினு கீது."

குனிந்து பார்த்தேன். தண்ணீர் மண்ணைத் தொடும் விளிம்பு நெடுக இறால்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. காற்றைக் கலக்கிவிடும் ஏரேட்டர்கள் இரண்டும் குளத்தின் நடுவே ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அடியில் இருக்கப் பிடிக்காமல் இறால்கள் மேலே வந்திருந்தன. கையால் எடுத்தால்கூடத் துள்ளவில்லை. நல்ல இறால் கையில் நிற்காது; உள்ளங்கையைக் கீறிவிட்டுப் போய்விடும்.

செத்து ஒதுங்கியவற்றைப் பொறுக்கிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன். நாற்பத்தொன்று. பெரும்பாலானவற்றின் ஓட்டில் ஊதுவத்தி நுனியால் சுட்டதுபோலக் கருப்புப் புள்ளிகள். சிலவற்றுக்கு மீசை பாதியில் ஒடிந்திருந்தது. கருப்புப் புள்ளி உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பிரித்து மறுபடி எண்ணினேன்.

"எண்ணிக்கினே இருக்கிறியே, எண்ணினா எந்திரிச்சி நடக்குமா?" என்றாள் அவள்.

எண்ணுவதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

ரயில்வேயில் முப்பத்து மூன்று வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். சில்லறையை எண்ணாமல் வாங்கியதில்லை, எண்ணாமல் கொடுத்ததுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது மாடிப்படிகளையும், தெருவில் போகும் பஸ்களையும், மாத்திரைகளையும் எண்ண ஆரம்பித்தேன். மனைவி இருந்தவரை அவள் அதைக் கேலி செய்துகொண்டிருந்தாள். அவள் போன பிறகு கேலி செய்ய ஆளில்லை. பழக்கம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிக்குக் கீழே அவள் பேரில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் இருந்தது. அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்தது. கிராமத்துத் தெருவின் கடைசியில் ஒரு சின்ன ஓட்டு வீடும் உண்டு. செங்கல்பட்டு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன். சென்னையில் இருக்கும் மகளுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க உங்களுக்கு யாருப்பா இருக்கா? காய்ச்சல்னா ஒரு கஞ்சி வெச்சுக் குடுக்க ஆளு உண்டா? நிலத்தைக் குடுத்துட்டு எங்களோட வந்துடுங்க."

எனக்கு மூன்றாவது மாடி வீடு ஒத்துவராது. அங்கே போனால் காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாது. அப்போது இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வயலைக் குளமாக வெட்டி நன்னீர் இறால் விட்டிருந்தார்கள். கடல் இறால் இல்லை. போர்த் தண்ணீரிலேயே வளர்வது. ஆண் இறாலுக்கு நீல நிறத்தில் உடம்பைவிட நீண்ட கைகள் இருக்கும். ஆறேழு மாதத்தில் அறுவடை. நானும் போடுகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரே ஒரு தடவைப்பா. போட்ட பணம் வந்துச்சுன்னா அங்கயே இருங்க, நான் வாயைத் தொறக்க மாட்டேன். கையைக் கடிச்சுதுன்னா நிலத்தை வித்துட்டு வந்துடணும். சரியா?"

சரி என்றேன். அன்றிலிருந்து அந்தக் குளத்தில் வளர்ந்தது இறால் மட்டும் இல்லை. நான் எங்கே இருந்து சாகப்போகிறேன் என்பதும் அதிலேதான் கிடந்தது.

ஏப்ரல் கடைசியில் குஞ்சு விட்டேன். கடற்கரைப் பக்கத்துப் பொரிப்பகத்திலிருந்து பாலித்தீன் பைகளில் வந்தது. பைக்கு ஆயிரம் என்றார்கள். அவர்கள் ஒரு பையை மட்டும் எண்ணிவிட்டு, மற்றதையெல்லாம் கண்ணால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நிரப்புவார்களாம். குறைந்தால் இருக்கட்டும் என்று கொசுறாகக் கொஞ்சம் சேர்த்தும் போடுவார்களாம். கண்ணால் ஒப்பிட்ட ஆயிரத்தை நான் எப்படி நம்புவது? ஒரு பையை வெள்ளைப் பேசினில் கவிழ்த்து எண்ண உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அறுநூறு வரை வந்தேன். அதற்குள் எண்ணியவை எண்ணாதவற்றோடு கலந்துவிட்டன.

"நைனா, அதுங்களுக்கு மூச்சு முட்டுது. வுட்ரு," என்று காவல் பெண் பேசினைப் பிடுங்கிக் குளத்தில் சாய்த்தாள்.

அவள் ஊரோரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் செங்கல் சூளையில் வேலைக்குப் போயிருந்தான். காலையில் தீவனம் போடுவது, தட்டில் வைத்து இறக்கிய தீவனத்தில் தின்றது போக மிச்சத்தைப் பார்ப்பது, நாரையையும் தண்ணீர்ப் பாம்பையும் விரட்டுவது அவள் வேலை. வாய் ஓயாது. ஆனால் அந்தி சாய்ந்தால் குடியிருப்புக்குப் போய்விடுவாள். அதற்கு அப்புறம் குளமும் நானும்தான்.

தீவனக் கம்பெனியின் டெக்னீஷியன் செங்கல்பட்டிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கில் வருவார். சின்ன வயசு. நுண்ணுயிர்ப் பொடியைப் பற்றி முதல் நாளே சொன்னது அவர்தான்.

"சார், தின்னாம கெடக்கிற தீவனம், எறாலோட கழிவு, செத்த பாசி, எல்லாம் அடியில போய் அழுகும். அழுகினா கெட்ட பாக்டீரியா பெருகும். வியாதி வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடியே நல்ல பாக்டீரியாவை எறக்கி வுட்டுட்டோம்னு வெச்சுக்கோங்க, அது அடியில கெடக்கிறதைத் தின்னுடும். கெட்டதுக்குச் சாப்பாடும் கெடைக்காது, எடமும் கெடைக்காது. பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி."

"முன்பதிவு என்று சொல்லுங்கள்," என்றேன்.

"கரெக்ட் சார், அதான்!"

"வியாதி வந்தால் மருந்து போட்டுக்கொள்ளக் கூடாதா?"

"ஆன்டிபயாடிக் போட்டா வியாபாரி தொட மாட்டான் சார். வெளிநாட்டுக்குப் போற சரக்கு. டெஸ்ட்ல மாட்டினா அவனுக்குப் பேஜாரு. இதுதான் சேஃப்."

முன்பதிவு என்ற சொல் எனக்குள் நன்றாக உட்கார்ந்துவிட்டது. அவர் சொன்ன முறையை ஒரு மில்லி பிசகாமல் செய்தேன். நீல டிரம்மில் நூறு லிட்டர் தண்ணீர், ஐந்து கிலோ தவிடு, இரண்டு கிலோ வெல்லம், கால் கிலோ பொடி. மாலை ஆறு மணிக்குக் கரைத்து, மீன்தொட்டிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்னக் காற்றுக் குழாயை உள்ளே விட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் குவளையால் குளத்தைச் சுற்றித் தெளிக்க வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை.

முதல் நாலு தடவை டிரம் பொங்கிக்கொண்டு நின்றது. மூடியைத் திறந்தால் நுரை. மூன்று நாள் புளித்த இட்லி மாவும் பழைய கள்ளும் சேர்ந்த ஒரு வாடை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"உன்னிய சாராயம் காச்சறன்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்க, தெரியுமா?"

அது பொய்யில்லை. ஒரு நாள் காலையில் ரோட்டோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "பெரியவரே, ஒரு கிளாஸ் கெடைக்குமா?" என்று கேட்டார். இது பாக்டீரியா என்றேன். "பேரு எதுவா இருந்தா இன்னா?" என்றார். அவரை அனுப்பக் கால் மணி நேரம் ஆனது. உண்மையைச் சொன்னால், அந்த வாரத்தில் என்னோடு அவ்வளவு நேரம் நின்று பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

டிரம்மைக் கரைக்கும் மாலைகளை நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். வீட்டில் எனக்கு ஒருவேளைச் சோறு வடித்தால் இரண்டு வேளைக்கு வரும். இங்கே வெல்லத்தைத் தட்டி, கரைத்து, வடிகட்டி, தவிட்டைத் தூவி மூங்கிலால் கிளறும்போது ஒரு கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல இருக்கும். எத்தனை கோடி வாய்கள் என்று டெக்னீஷியனிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்ன எண்ணிக்கைக்கு எத்தனை சைபர் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. எண்ண முடியாத ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

அவளுக்கு இதில் ஒரு குறை இருந்தது. "பூச்சிக்கு ரெண்டு கிலோ வெல்லம். எனக்கு வரக்காப்பி, அதுலயும் அரை ஸ்பூன் சக்கரை. நானும் அந்த டிரம்ல போய் உக்காந்துக்கினா தேவல."

ஜூனில் வோல்டேஜ் குறைந்து போர் மோட்டார் எரிந்தது. காயில் கட்ட உத்திரமேரூருக்கு அனுப்பினேன். திரும்பி வர ஒன்பது நாள். நடுவில் டிரம்முக்கு நாள் வந்துவிட்டது. தெருமுனையில் இருந்த பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் மூடியைத் திறந்தபோது நுரை அதிகம் இல்லை, வாடையும் இல்லை.

"பரவால்ல நைனா, இன்னிக்கு நாத்தமே அடிக்கல," என்றாள்.

மோட்டார் திரும்பி வந்தது. ஆனால் நான் குழாய்த் தண்ணீரை விடவில்லை. போர்த் தண்ணீர் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கல் கட்டிவிடும். மனிதர் குடிக்க லாயக்கில்லாத தண்ணீரையா இத்தனை நாள் உயிருள்ள ஒன்றுக்கு ஊற்றினோம் என்று எனக்கு உறுத்தலாக இருந்தது. வெல்லத்தில் கல் இருந்தால் பொறுக்குகிறேன், தவிட்டைச் சலிக்கிறேன். தண்ணீரில் மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும்? அதற்குமேல், நாற்றம் நின்றது எனக்கு ஒரு முன்னேற்றமாகத் தெரிந்தது. சுத்தமான இடத்தில் நாற்றம் இருக்காது என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்திலிருந்தே என் நம்பிக்கை. குடத்துக்கு ஒரு ரூபாய் என்று அவளுக்குத் தனியாகக் கூலி கொடுத்து, ஒவ்வொரு தடவையும் குழாய்த் தண்ணீரே நிரப்பினேன்.

அதே ஜூனில் இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தேன். இருளர் குடியிருப்பில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. அவளுடைய ஓர்ப்படி மகளும் அதில் ஒருத்தி. மேல்நிலைத் தொட்டியில் மருந்து போடுவதில்லை என்று தெருவில் பேசினார்கள். பேசினார்களே தவிர யாரும் எழுதவில்லை. நான் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. மனு எழுதும் மாலைகள் சீக்கிரம் கழியும். எழுதி, அடித்து, நல்ல தாளில் மறுபடி எழுதினால் இரண்டு மணி நேரம் போய்விடும். தெருவில் எனக்கு ‘மனு சார்’ என்று பெயர் வந்தது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது மனுவுக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் நான் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடிப்பேன். ஆனாலும் குழாயடியில் நின்று ஒரு கை ஏந்தி மோந்து பார்ப்பேன். என் மனு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இந்த இரண்டு பெருமைகளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. கடைத்தெருவில் ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமும் என்பதுபோல, மனு எழுதுகிறவனுக்கும் டிரம் கிளறுகிறவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. ஆறு டிரம் இப்படிப் போனது.

ஆகஸ்ட் 14 அன்று டெக்னீஷியன் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். கடைக்குப் போய் நான் போன் செய்து வரவழைத்திருந்தேன். இறாலைத் திருப்பிப் பார்த்தார். கம்பை விட்டு அடிமண்ணைக் கிளறி எடுத்தார். மை மாதிரிக் கருப்பாக இருந்தது. அழுகின முட்டை வாடை.

"தவறாம பொடி போட்டீங்களா சார்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேதி தேதியாகச் சொன்னேன். அன்று காலை தெளிக்க வேண்டிய டிரம் அப்படியே நின்றது. இறால் செத்த கலவரத்தில் தொடவில்லை. வாருங்கள், நீங்களே பாருங்கள் என்று மூடியைத் திறந்து காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். விரலை விட்டு எடுத்தார். மோந்தார். மறுபடி மோந்தார்.

"சார், இதுல நுரையைக் காணோம். புளிப்பு இல்ல. தவிடு நீங்க போட்ட மாதிரியே மெதக்குது. இது வெறும் வெல்லத் தண்ணி சார். பாயசம்."

"நாற்றம் இல்லாமல் இருப்பது நல்லதுதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "சார், நாறினாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

குழாயடிக்கு நடந்தோம். பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். ஏதோ மருந்து நாலு சொட்டு விட்டார். குடிக்கிற தண்ணீர் என்றால் லேசாக மஞ்சள் காட்ட வேண்டுமாம். எங்கள் தண்ணீர் ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்குப் போய் நின்றது.

அந்த நேரம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது. என் மனுக்களால் அவருக்கு இரண்டு தடவை விளக்கம் கேட்டு ஆள் வந்திருந்தது. அதனால் என்னைக் கண்டால் வணக்கம் மட்டும் பெரிதாக வைப்பார்.

"வணக்கம் மனு சார். இன்னா, டெஸ்ட் பண்ண ஆளையே இட்டாந்துட்டியா? பண்ணு, நல்லா பண்ணு. நான் ஒரு நாளு வுட்டதில்ல."

"எவ்வளவு பவுடர் போடுகிறீர்கள்?"

"போட வேண்டியது ஒரு பங்குதான்." விரலை மடக்கினார். "நீ மொத மனு எழுதின, அதைப் போட்டேன். ரெண்டாவது எழுதின, பத்தலபோலன்னு ரெண்டு பங்கு போட்டேன். மூணாவதும் எழுதின. அப்பால இன்னா பண்றது? மூணு பங்கு. நாலாவது எழுதாத சார், கையில பவுடர் ஸ்டாக் இல்ல."

குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அதான் என் ஜாக்கெட்டு வெளுத்துப் போச்சா? தூக்கிப் போடு, புதுசு மனு சாரு வாங்கித் தருவாரு," என்றாள்.

டெக்னீஷியன் மெதுவாகச் சொன்னார். "பிளீச்சிங் பவுடர் கெட்ட பாக்டீரியா நல்ல பாக்டீரியான்னு பாக்காது சார். கரைச்ச பொடி முழிச்சிக்கிற நேரத்துல அடிச்சிருக்கு. எல்லாமே செத்திருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒண்ணும் பெருசா இருந்திருக்காது. ரெண்டு மாசமா அடியில யாருமே இல்லாம இருந்திருக்கு."

அவர் பாக்டீரியாவைத்தான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை வேறு எங்கோ போய்ப் பட்டது.

ஆபரேட்டர்மேல் கோபப்பட வழி இல்லை. வயிற்றுப்போக்கு நின்றிருந்தது, அதுவும் உண்மை. மனு எழுதாமல் இருந்திருக்கலாம் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. அந்த ஓர்ப்படி மகளை எனக்குத் தெரியும். போர்த் தண்ணீரிலேயே இருந்திருக்கலாம், அவ்வளவுதான். தவறுக்கு ஆள் தேடினால் மரியாதையான ஆளாக ஒருவரும் கிடைக்கவில்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற என் அரிப்பு ஒன்றுதான் கிடைத்தது.

அன்று மாலையே, முன்பு கழுவி உலர்த்தி வைத்திருந்த இன்னொரு டிரம்மில் போர்த் தண்ணீர் பிடித்தோம். தீவனத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குளத்துத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வடித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார். பொடியை ஐந்து நாளுக்கு ஒருமுறை. மறுநாள் காலை மூடியைத் திறந்தேன். நுரை மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"வந்துடுச்சிடா சாமி, பழைய நாத்தம்!" என்று கத்தினாள். வாழ்க்கையில் ஒரு துர்நாற்றத்துக்காக இரண்டு பேர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சாவது குறைந்தது. நாற்பது, இருபத்தாறு, பதினேழு, ஒன்பது. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. இறால் தோலுரிக்கும் பிராணி. பழைய ஓட்டைக் கழற்றும்போது கருப்புப் புள்ளியும் அதோடு போய்விடும். கழற்றிய ஓடுகள் கண்ணாடிச் சட்டை மாதிரி விளிம்பில் மிதக்கும். அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே ஆள் இல்லாத உடம்பு. ஆனால் ஆள் எங்கோ அடியில் புதுத் தோலோடு பிழைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அடிமண்ணின் கருப்பு மெதுவாக மண் நிறத்துக்குத் திரும்பியது. டெக்னீஷியன், "பொழைச்சிக்கிச்சு சார். ஆனா நீங்க எவ்வளவு இழந்தீங்கன்னு வலை போட்டாத்தான் தெரியும்," என்றார். தண்ணீருக்கு அடியில் இருப்பதை எண்ண முடியாது. அக்டோபர், நவம்பர் முழுக்க நான் மதகுப் பலகைமேல் உட்கார்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு கூட்டத்துக்குக் காவல் இருந்தேன். மழை நாட்களில் அவள் வர மாட்டாள். அந்த நாட்களில் காலையிலிருந்து இரவு வரை நான் பேசிய சொற்களை விரல் விட்டு எண்ணலாம். கடையில் ‘பால் ஒரு பாக்கெட்’ என்பது மூன்று.

டிசம்பர் இரண்டாம் வாரம் அறுவடை. தண்ணீரை வடித்து வலை இழுத்தார்கள். குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து சேற்றில் இறங்கிக் கையாலும் தடவிப் பிடித்தார்கள். நீலக் கைகளோடு பெரிய பெரிய ஆண் இறால்கள் கூடையில் விழ விழ எண்ணிக்கொண்டே நின்றேன். அரை டன் வரும் என்று ஏப்ரலில் சொல்லியிருந்தார்கள். பாதிதான் வந்தது. ஐஸ் பெட்டி வண்டியோடு வந்த வியாபாரி அதையும் இரண்டாகப் பிரித்தார். சுத்தமான ஓடு நூற்று அறுபத்து நாலு கிலோ. புள்ளி மிச்சம் இருந்ததும், தோலுரித்து மெத்தென்று இருந்ததும் எண்பத்தெட்டு கிலோ. அதற்கு விலை குறைவு. கையில் வந்தது ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு. குளம் வெட்டியது, குஞ்சு, தீவனம், மின்சாரம், கூலி, பொடி, வெல்லம் எல்லாம் சேர்ந்து தொண்ணூற்றாறாயிரத்துப் பத்து.

காவல் பெண்ணுக்கு இரண்டு கிலோ இறால் கொடுத்தேன். கூலியையும் கணக்கு முடித்தேன். அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீ பூட்டுவியா நைனா, பொண்ணு வூட்டுக்கு?"

"போக வேண்டியதுதான். சொன்ன சொல்."

"போ. அங்க ஃபேன் காத்துல உக்காந்துக்கினு எதுனா எண்ணு," என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். வழக்கமாக மகளிடம் பேசும் இடம். வழியிலேயே என்னென்ன எடுத்துப்போவது என்று யோசித்துவைத்திருந்தேன். பெரிய டிரங்குப் பெட்டி, மனைவியின் போட்டோ, என் மர நாற்காலி, சில பாத்திரங்கள். மொத்தம் பதினொரு உருப்படி. ஒரு மினி வேனில் அடங்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சாயங்காலமானால் யாராவது "சாப்பிட்டாச்சா" என்று கேட்கும் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பு, அந்த பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஏழு மாதம் அதை எதிர்த்துப் போராடியவனுக்குத் தோற்ற பிறகு அப்படி ஒரு ஆசை வரும் என்று நான் நினைக்கவில்லை.

"அறுவடை ஆச்சாப்பா?" என்றாள் மகள்.

"ஆச்சும்மா. கையைக் கடித்துவிட்டது." தொகையைச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன்.

"சரி போகட்டும்ப்பா. மொதல் தடவைதானே."

"நிலத்துக்கு ஆள் பார்த்துவிடலாம். தையில் வந்துவிடுகிறேன்."

மறுமுனையில் டெலிவிஷன் சத்தம் கேட்டது. அவள் எங்கோ தள்ளி நடந்து போய்ப் பேசுவது தெரிந்தது.

"இப்ப எதுக்குப்பா அவசரம்? உங்களுக்கு அப்பவே சொல்லணும்னு இருந்தேன். எங்க மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஒடிஞ்சிடுச்சு. இங்க வந்து மூணு வாரம் ஆச்சு. உங்களுக்குன்னு வெச்சிருந்த ரூம்லதான் கட்டில் போட்டிருக்கோம். ஹால்ல உங்களுக்குத் தூக்கம் வராது."

"வராது."

"நீங்களே சொல்வீங்களே, அங்கதான் நிம்மதின்னு. இப்பதான் எது தப்புன்னு தெரிஞ்சு போச்சே. இன்னொரு தடவை விட்டுப் பாருங்களேன்."

"சரிம்மா."

"கோவமாப்பா?"

"இல்லம்மா. மாமியாரைக் கேட்டதாகச் சொல்லு."

அவள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒடிந்த இடுப்பு ஒடிந்ததுதான். வீட்டில் இருப்பது இரண்டு அறைதான். குளிருக்கு வெந்நீரில் குளிக்கச் சொன்னாள். சரி என்றேன். ரிசீவரை வைத்தேன்.

பூத்துக்காரர் மெஷினிலிருந்து துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பதினாலு ரூபாய் நாற்பது காசு. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பேச்சு இறால் கணக்கில் சேருமா, வீட்டுச் செலவில் சேருமா? இறாலால் வந்த பேச்சுதானே என்று அதிலேயே சேர்த்தேன். நஷ்டம் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபத்து நாலு ரூபாய் நாற்பது காசு.